பிழைத்த குதிரைக்கும் ஊசி

துருப்பிடித்த ஆணி காலில் ஏறிவிட்டால் நம் வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சு, "போய் ஒரு டி.டி. போட்டுக்கிட்டு வந்துடு" என்பதுதான். அதே ஆணி பளபளவென்று புதிதாக இருந்திருந்தால் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். துருவில் அப்படி என்ன விஷம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. இரும்பு ஈரத்திலும் காற்றிலும் கிடந்து உண்டாகும் பொடி அது. சீமைக்கருவேல முள்ளில் துரு ஏது? அது குத்தினாலும் டெட்டனஸ் எனப்படும் ரண ஜன்னி வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. தட்டம்மை ஒரு தடவை வந்து போனால் மறுபடி வராது என்பது பாட்டிமார்களுக்கே தெரிந்த சங்கதி. ஆனால் ரண ஜன்னி வந்து, வாரக்கணக்கில் கிடந்து பிழைத்து எழுந்தவருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது மருத்துவம். சாவின் வாசல் வரை போய்வந்த உடம்புக்கு அந்த நோயை அடையாளம் தெரியாமலா போய்விடும்? தெரியாமல்தான் போகிறது. அது ஏன் என்று புரிய, நோய் கண்ட ஒரு குதிரையின் பக்கத்தில் சில வாரம் உட்கார வேண்டும்.

மண்ணில் இருப்பது

1884-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்தர் நிக்கோலையர் என்பவர் தோட்டத்து மண்ணை எடுத்து எலிகளின், முயல்களின் தோலுக்கு அடியில் செலுத்தினார். அவற்றுக்கு ஜன்னி கண்டது. சீழை எடுத்துப் பார்த்தால் குச்சி குச்சியாக ஒரு நுண்ணுயிர். ஆனால் மற்ற கிருமிகளிடமிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை.

பிரித்தவர் ஜப்பானிலிருந்து பெர்லினுக்கு வந்து ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த கிடாசாடோ ஷிபாசாபுரோ. ஆண்டு 1889. அவர் செய்தது எளிமையான காரியம். கலப்படமான சீழ்க் கலவையை 80 டிகிரி சூட்டில் வைத்தார். மற்றவை செத்தன, இது சாகவில்லை. பிறகு காற்றை அகற்றி ஹைட்ரஜன் வாயுவுக்குள் வளர்த்தார்; இது வளர்ந்தது. இந்த ஒரு சோதனையிலேயே இக்கிருமியின் இரண்டு குணங்களும் தெரிந்துவிடுகின்றன. ஒன்று, சூடு தாங்கும். இரண்டு, ஆக்சிஜன் ஆகாது.

சூடு தாங்குவது அந்தக் குச்சியின் ஒரு பக்கம் பருத்துத் தெரியும் முனையால். காலம் சரியில்லை என்றால் கிருமி தன் உயிர்ச்சரக்கைக் கெட்டியான உறைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறது. இதை ஸ்போர் என்பார்கள்; நாம் வித்து என்று வைத்துக்கொள்வோம். வித்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அதை உறுதியாக ஒழிக்க, அழுத்தத்தில் அடைத்த 121 டிகிரி நீராவி கால் மணி நேரம் வேண்டும்.

இனி ஆணிக்கு வருவோம். துருப்பிடித்த ஆணி என்றால் நெடுநாள் மண்ணில் கிடந்த ஆணி; அதன் சொரசொரப்பில் மண் ஒட்டியிருக்கும். அது போடுகிற துளை ஒடுக்கமானது, ஆழமானது. ஆணியைப் பிடுங்கியதும் மேல்வாய் மூடிக்கொள்ளும். உள்ளே காற்று இல்லை, நசுங்கிச் செத்த சதை இருக்கிறது. வித்து முளைக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? வாய் பிளந்து ரத்தம் கொட்டும் பெரிய வெட்டைக் கண்டு அலறுகிறோம், முள் குத்திய புள்ளியை விட்டுவிடுகிறோம். ரண ஜன்னியைப் பொறுத்தவரை பல நேரம் அந்தப் புள்ளிதான் ஆபத்து.

குதிரைக்கு ஏன் இந்தக் கதி

புல் மேயும்போது வித்து குதிரையின் வயிற்றுக்குள் போகிறது. குடலில் தீங்கு செய்யாமல் லத்தியோடு வெளியே வருகிறது. ஆகவே குதிரை நிற்கிற லாயத்தின் தரை, அது நடக்கிற பாதை, அது புரள்கிற மண் எல்லாவற்றிலும் வித்து உண்டு. அந்தத் தரையின் மேல் நாள் முழுக்க நிற்கும் குளம்புகளில் நாம் ஆணியும் அடிக்கிறோம்.

அத்தோடு குதிரையின் நரம்புக்கும் இந்த நஞ்சுக்கும் ஏதோ பொல்லாத பொருத்தம். கோழிக்கு இந்த நோய் ஏறக்குறைய வருவதே இல்லை. நாய்க்கும் பூனைக்கும் அபூர்வம். மனிதனுக்கு எளிதில் வரும். வீட்டு விலங்குகளில் மிக எளிதாக விழுவது குதிரை. நஞ்சு நரம்பை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறுவதே காரணம்.

காதும் வாலும் சொல்வது

ஒரு மட்டக்குதிரையை வைத்துப் பார்ப்போம். இது எந்தத் தனிக் குதிரையின் கதையும் இல்லை. கால்நடை மருத்துவம் சொல்லும் வழக்கமான போக்கை ஒரே குதிரையின் மேல் ஏற்றிச் சொல்கிறேன். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரி போகிற பெண்குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது, 250 கிலோ எடை. தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. லாடம் கட்டும்போது ஓர் ஆணி சற்று உள்தள்ளி இறங்கிவிட்டது. குதிரை நொண்டியது, ஆணியைப் பிடுங்கி எண்ணெய் விட்டார்கள், இரண்டு நாளில் நொண்டல் நின்றது. எல்லாரும் மறந்தார்கள்.

பத்தாம் நாள் காலையில் குதிரை கீழே கிடக்கும் புல்லைக் குனிந்து எடுக்கவில்லை. பசி இருக்கிறது, கையில் கொடுத்தால் உதட்டை நீட்டுகிறது. கழுத்துதான் இறங்க மாட்டேன் என்கிறது. திருப்பினால் உடம்பு முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்புகிறது. வயிற்றுவலி என்று நினைத்து நடக்க வைக்கிறார்கள். நடை இன்னும் விறைக்கிறது.

மறுநாள் சந்தேகத்துக்கு இடமில்லை. காதுகள் இரண்டும் செங்குத்தாக நிமிர்ந்து ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. நாசி விரிந்திருக்கிறது. உதடு பின்னால் இழுத்துக்கொண்டு பல் தெரிகிறது. நான்கு கால்களும் அகன்று ஊன்றியிருக்க, வால் அடியிலிருந்தே தூக்கி நிற்கிறது. ஐயனார் கோயில் மண்குதிரைக்கு உயிர் வந்து, ஆனால் அசைய மட்டும் முடியாமல் போனால் எப்படி இருக்குமோ அப்படி.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை உதவாது. மருத்துவர் கண்ணைப் பார்ப்பார். குதிரையின் கண்ணில் மூக்குப் பக்க மூலையில் மூன்றாவதாக ஓர் இமை மடங்கிக் கிடக்கும். மோவாய்க்கு அடியில் மெல்லத் தட்டித் தலையை நிமிர்த்தினால், அந்த இமை வெளிறிய திரையாகப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து வரும். கண்விழியை உள்ளே இழுக்கும் தசை சுண்டி இழுப்பதால் இமை வெளியே தள்ளப்படுகிறது. வேறு நோய்களில் இது இவ்வளவு தெளிவாகத் தெரிவது அரிது.

தளர்த்தச் சொல்லும் உத்தரவு

முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேற்கையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கத் தசை தளர்ந்தாக வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சுருங்கினால் கை விறைத்துப்போகும். நாம் செய்கிற ஒவ்வோர் அசைவிலும் சுருங்கு என்ற உத்தரவோடு, தளர் என்ற உத்தரவும் போகிறது. இந்த இரண்டாவது உத்தரவைத் தருவதற்கென்றே முதுகுத்தண்டில் சின்னச் சின்ன நரம்பணுக்கள் இருக்கின்றன. கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்து, தேவையானபோது அவிழ்த்துவிடுவதுதான் அவற்றின் வேலை.

காயத்தில் முளைத்த கிருமி காயத்தைவிட்டு எங்கும் போவதில்லை. நஞ்சை மட்டும் கசியவிடுகிறது. நஞ்சு ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் உள்ள தசைகளுக்குப் போய், அங்கே முடியும் நரம்பு நுனிகளுக்குள் நுழைகிறது; நரம்பின் உள்வழியாகவே நாளைக்குச் சில அங்குலம் என்று முதுகுத்தண்டை நோக்கி ஏறுகிறது. தாடை, முகம், கண் ஆகியவற்றின் நரம்புகள் நீளம் குறைந்தவை. குத்தியது காலில் என்றாலும் பல நேரம் வாய் முதலில் பூட்டிக்கொள்வது இதனால்தான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் நஞ்சு அந்தத் தளர்த்தும் நரம்பணுக்களுக்குத் தாவுகிறது. பொட்டலத்தை அவிழ்க்க உதவும் ஒரு புரதத்தை நறுக்குகிறது. இத்தாலியின் பதுவா நகரில் சேசரே மொண்டேகுக்கோவின் குழுவினர் 1992-இல் இதைக் கண்டறிந்து சொல்லும்வரை, நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பது நூறாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. புரதம் நறுக்கப்பட்டதும் தளர் என்ற உத்தரவு நின்றுபோகிறது. சுருங்கு என்ற உத்தரவுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. ஒரு கைத்தட்டல், ஒரு கதவுச் சத்தம், திடீரென்று விழும் வெளிச்சம் போதும். எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும்.

கொடுமை என்னவென்றால் மூளையை இந்த நஞ்சு மயக்குவதில்லை. குதிரைக்கு எல்லாம் தெரிகிறது. பசிக்கிறது. தண்ணீரில் வாயை வைக்கிறது. விழுங்கத்தான் முடிவதில்லை.

இருட்டில் சில வாரங்கள்

நரம்பணுவுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை வெளியே எடுக்க இன்றுவரை மருந்து கிடையாது. இதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மற்ற வைத்தியம் எதற்கு என்று புரியும். நறுக்கப்பட்ட இடத்தில் உடல் தானாகப் புது இணைப்புகளை வளர்த்துக்கொள்ளும். அதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை குதிரையைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதே வைத்தியம்.

மருத்துவர் முதல் நாளே மூன்று காரியம் செய்வார். குளம்பில் ஆணி இறங்கிய துளையைத் தேடித் திறந்து, சீழை வடித்து, செத்த சதையை அகற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுவார். நுரைத்துக்கொண்டு வரும் ஆக்சிஜன் கிருமிக்கு ஆகாது. பெனிசிலின் போடுவார், நஞ்சு உண்டாகும் ஆலையை மூட. மூன்றாவதாக எதிர்நஞ்சு போடுவார். நஞ்சை ரத்தத்திலேயே பிடித்துக் கட்டிப்போடும் புரதம் அது. நரம்புக்குள் ஏறிவிட்டதை அது தொடாது. இனி ஏறப்போவதைத் தடுக்கும். இழுப்பை அடக்க அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்து சில மணி நேரத்துக்கு ஒரு தடவை.

மீதி எல்லாம் குதிரைக்காரர் கையில்.

லாயத்தின் சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்க வேண்டும். குதிரையின் இரண்டு காதிலும் பஞ்சு வைக்க வேண்டும். இரும்புச் சங்கிலி, தகர வாளி, கிறீச்சிடும் கதவு ஒன்றும் கூடாது. பக்கத்தில் இன்னொரு குதிரை கனைத்தாலும் தொல்லை. வேடிக்கை பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். இது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். உள்ளே போகிறவர் ஒரே ஆளாக, குதிரைக்குப் பழகிய குரலாக இருக்க வேண்டும். ஊசி, மருந்து, தண்ணீர் என்று எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். ஒவ்வொரு தொடுகையும் ஓர் இழுப்புக்குச் சமம்.

தரையில் முழங்கால் புதையும் அளவுக்கு வைக்கோல் பரப்ப வேண்டும். விறைத்த கால்களுடன் விழுகிற குதிரை கையூன்ற முடியாத ஆள் மாதிரி தடாலென்று விழும், எலும்பு முறியும். கழுத்து இறங்காது என்பதால் தீனியும் தண்ணீரும் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். வாய் ஒரு விரல்கடை திறந்தால் தவிட்டையும் வேகவைத்து மசித்த கொள்ளையும் கஞ்சியாகக் கரைத்துக் கொடுக்கலாம். அவசரப்பட்டு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் வேறு வழியில் கொன்றுவிடும். வாய் முற்றிலும் பூட்டிக்கொண்டால் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி ஊட்ட வேண்டும். குழாய் செலுத்துவதே பெரிய இழுப்பைக் கிளப்பக்கூடும் என்பதால் சிரையில் திரவம் ஏற்றிச் சமாளிப்பதும் உண்டு.

சிறுநீர் போக விறைத்த உடம்பு ஒத்துழைக்காது. குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். லத்தியைக் கையை விட்டு எடுக்க வேண்டியிருக்கும். வியர்வை ஒழுகும், துடைக்க வேண்டும், ஆனால் திடுக்கிடாமல். குதிரை நிற்கும்வரை நம்பிக்கை உண்டு. படுத்துவிட்டு எழ முடியாமல் போனால் பெரும்பாலும் முடிந்தது. அந்த நிலை வராமலிருக்க வசதி உள்ள இடங்களில் வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டை கொடுத்து உத்தரத்திலிருந்து தாங்கிப் பிடிப்பார்கள். சில குதிரைகள் அதையும் பொறுக்காமல் துள்ளும்.

இத்தனையும் செய்தாலும், நோய் கண்ட குதிரைகளில் பாதிக்கு மேல் சாகின்றன. மூச்சை இழுக்கும் தசைகள் பூட்டிக்கொள்வதுதான் கடைசி அடி. இனி எதுவும் செய்வதற்கில்லை, வலியை முடித்து அனுப்புவதே கருணை என்று மருத்துவர் சொல்லும் கட்டமும் வரும். அப்போது அவர் பேச்சைக் கேட்பது நல்லது.

நம் குதிரை பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் தாண்டியது நல்ல அறிகுறி. இரண்டாம் வாரக் கடைசியில் இழுப்புகளுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. ஒருநாள் காலை, நெஞ்சு உயரத்தில் கட்டிய புல்லை விட்டுவிட்டு, கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கோலில் ஒரு இழையை எடுக்கிறது. ஆறாம் வாரம் ஏரிக்கரையில் மெல்ல நடக்கிறது. பிழைத்த குதிரைகள் பெரும்பாலும் குறையில்லாமல் தேறிவிடும்.

நோய் தொடங்கியபோதே மருத்துவர் ஒரு தடுப்பூசியும் போட்டிருந்தார், எதிர்நஞ்சு போட்ட இடத்துக்கு எட்டத்தில், தனி ஊசியால். இப்போது இரண்டாவது தவணைக்கு வருகிறார். "அதான் பொழைச்சிருச்சே சார், இன்னும் எதுக்கு ஊசி?" என்கிறார் குதிரைக்காரர்.

உடல் படிக்காத பாடம்

நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது.

இந்த நஞ்சு மனிதனைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 நானோகிராம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு 175 நானோகிராம். அப்படியானால் ஒரு மில்லிகிராம் நஞ்சு ஐயாயிரம் பேருக்கு மேல் போதும்.

உடம்பின் தற்காப்புப் படை ஓர் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு, அதற்கு எதிர்ப்புரதம் செய்யப் பழக வேண்டுமென்றால், அந்தப் பொருள் குறிப்பிட்ட அளவாவது கண்ணில் பட வேண்டும். தட்டம்மைக் கிருமி உடம்பெங்கும் கோடிக்கணக்கில் பெருகுகிறது. படை அதை நன்றாகப் பார்த்துவிடுகிறது. ரண ஜன்னி நஞ்சு அப்படி இல்லை. படைக்குப் பாடம் நடத்தத் தேவையான அளவைவிட, ஆளைக் கொல்லும் அளவு குறைவு. போதாக்குறைக்கு அது நரம்புக்குள் ஒளிந்துகொள்கிறது. ஊசி போடாவிட்டால், ஆறு வாரம் போராடிய குதிரையின் ரத்தமும் அடுத்த ஆணியின் முன்னால் புதிதாகப் பிறந்த குட்டியின் ரத்தம் அளவுக்கே அறியாமையில் இருக்கும்.

ஜிம் என்ற குதிரை

இந்த நஞ்சு எவ்வளவு சத்தமில்லாமல் ரத்தத்தில் ஓடும் என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்று ஒரு குதிரை இருந்தது. பால்வண்டி இழுத்து ஓய்ந்தபின் நகரச் சுகாதாரத் துறையிடம் வந்தது. தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவுக்கு மருந்து செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். குதிரையின் உடம்பில் அந்த நோயின் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றினால் ரத்தத்தில் எதிர்நஞ்சு உண்டாகும். ரத்தத்தின் தெளிநீரைப் பிரித்து நோயாளிக் குழந்தைகளுக்குப் போடலாம். எமில் ஃபான் பேரிங்கும் கிடாசாடோவும் 1890-இல் காட்டிய வழி இது. நம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் பாம்பு விஷம் பாம்புக்கடி மருந்தாவதும் இதே முறையில், குதிரையின் ரத்தம் வழியாகத்தான்.

ஜிம் மூன்றாண்டில் ஏறக்குறைய 28 லிட்டர் தெளிநீர் கொடுத்தது. 1901 அக்டோபர் 2-ஆம் தேதி அதற்கு ரண ஜன்னி கண்டு, கொன்றுவிட்டார்கள். சில வாரங்களில் நகரத்துக் குழந்தைகள் ஒவ்வொன்றாக ஜன்னி கண்டு சாகத் தொடங்கின. தொண்டை அடைப்பானிலிருந்து காப்பாற்றப் போட்ட மருந்தில் ரண ஜன்னி நஞ்சு இருந்தது. செப்டம்பர் 30 அன்று ஜிம்மிடம் எடுத்த ரத்தம் அது. குதிரை அப்போது நன்றாகத்தான் இருப்பதாகத் தெரிந்தது. இறந்த குழந்தைகள் 13 பேர். உயிரியல் மருந்துகளை அரசு சோதித்து உரிமம் தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் மறு ஆண்டு, 1902-இல் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செப்டம்பர் 30-க்கும் அக்டோபர் 2-க்கும் நடுவே உள்ள அந்த இரண்டு நாளைக் கவனியுங்கள். காது விறைக்கும் முன்பே, வால் தூக்கும் முன்பே, குழந்தைகளைக் கொல்லும் அளவுக்கு ரத்தத்தில் நஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. நோய் கண்ணுக்குத் தெரிகிற நேரம், எதிர்நஞ்சுக்கு மிகவும் பிந்திய நேரம். அதனால்தான் வைத்தியத்தில் இவ்வளவு இருட்டும் வைக்கோலும் காத்திருப்பும்.

ஃபார்மலினும் மரவள்ளி மாவும்

தடுப்பூசிக்கு வழி கிடைத்ததும் குதிரைகளிடையேதான். பாரிஸ் அருகே கார்ஷ் என்ற இடத்தில் பாஸ்டர் நிறுவனம் தெளிநீர் எடுக்கக் குதிரைகள் வளர்த்தது. அங்கே வேலை பார்த்த கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன். டிப்தீரியா நஞ்சில் சிறிது ஃபார்மலின் கலந்து, வெதுவெதுப்பில் சில வாரம் வைத்தால் அதன் கொல்லும் குணம் போய்விடுகிறது, ஆனால் உருவம் மாறுவதில்லை என்று அவர் 1923-இல் கண்டார். அடுத்த ஆண்டு பியேர் தெகோம்பே இதே முறையை ரண ஜன்னி நஞ்சுக்குச் செய்தார். இப்படிப் பல் பிடுங்கப்பட்ட நஞ்சுக்கு டாக்ஸாய்டு என்று பெயர், நஞ்சுப்போலி எனலாம். டி.டி. ஊசியில் இருப்பது இதுதான்.

கொல்லும் அளவுக்கும் கற்பிக்கும் அளவுக்கும் இடையே இருந்த சிக்கல் இதனால் தீர்ந்தது. நஞ்சுப்போலி கொல்லாது, ஆகவே உண்மை நஞ்சில் ஒருபோதும் கொடுக்க முடியாத அளவை உடம்புக்குக் காட்டலாம். உடம்பு பார்த்துப் பழகிக்கொள்கிறது.

ரமோன் இன்னொன்றும் கவனித்தார். ஊசி போட்ட இடத்தில் வீங்கிப் புண்ணாகிய குதிரைகள் மற்றவற்றைவிட அதிக எதிர்நஞ்சு தந்தன. வேண்டுமென்றே சிறு எரிச்சலை உண்டாக்கினால் என்ன என்று ஊசி மருந்தில் மரவள்ளி மாவைக் கலந்து பார்த்தார். பலித்தது. இன்றைய தடுப்பூசியில் மாவுக்குப் பதில் அலுமினிய உப்பு, டி.டி. போட்ட கை இரண்டு நாள் கடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. நோபல் பரிசுக்கு ரமோன் பெயரை 150 தடவைக்கு மேல் பரிந்துரைத்தார்கள். கொடுக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆறாத வருத்தம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை தன் வீரர்களுக்கு இந்த ஊசியை முன்னதாகவே போட்டது. காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட 27 லட்சம். அவர்களில் ரண ஜன்னி கண்டவர்கள் 12 பேர். பச்சிளங்குழந்தைகளின் கதை இதைவிடப் பெரிது. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுத்து, அதில் சாணியோ சாம்பலோ வைத்ததால் வந்த ஜன்னியில் 1988-ஆம் ஆண்டு மட்டும் உலகில் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கர்ப்பிணிகளுக்கு ஊசி, சுத்தமான பிரசவம் என்ற இரண்டினால் இந்தியா 2015-இல் இந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்பு என்றால் எந்த மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று பொருள்; கிருமி எங்கும் போய்விடவில்லை.

யாருக்கு, எப்போது

பெரும்பாலான தடுப்பூசிகளில் ஓர் இலவச லாபம் உண்டு. ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் போடாதவருக்கும் நோய் எளிதில் தொற்றாது. ரண ஜன்னியில் அது செல்லாது. இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றும் நோயே இல்லை, மண்ணிலிருந்து வருகிறது. பக்கத்து லாயத்தில் நூறு குதிரைக்குப் போட்டாலும் உங்கள் குதிரைக்குப் போடவில்லை என்றால் அதற்குக் காப்பு இல்லை.

குதிரைக்கு முதலில் இரண்டு தவணை, நாலு முதல் ஆறு வார இடைவெளியில். பிறகு ஆண்டுக்கு ஒன்று. சினைக்குதிரைக்கு ஈனுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பு. அப்போதுதான் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போகும். குட்டிக்கு ஐந்தாறு மாதத்தில் தொடங்கலாம். காயடிப்பது, அறுவை செய்வது என்றால் காப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். லாடம் கட்டிய மறுநாள் குதிரை நொண்டினால் ஆணியைப் பிடுங்கியதோடு நில்லாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மனிதர் விஷயத்துக்கு வந்தால், நம் அரசுத் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய் ஊசியில் இது அடக்கம். ஒன்றரை வயது வாக்கிலும், ஐந்து வயதிலும், பிறகு 10, 16 வயதிலும் மறுதவணை. அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு தடவை போதும். அழுக்கான ஆழக் காயம் என்றால் ஐந்தாண்டு ஆகியிருந்தாலே ஒன்று. ஒவ்வொரு கீறலுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்ற நம் பழக்கம் வீண். அதே சமயம், வாழ்க்கையில் ஊசியே போடாதவர் ஆணி ஏறியபின் ஓடிப்போய்ப் போடும் ஒற்றை டி.டி. அந்தக் காயத்துக்குக் காப்பு ஆகாது. உடம்பு பழக நாள் பிடிக்கும். அவருக்கு ஆயத்தமான எதிர்நஞ்சும் சேர்த்துப் போட வேண்டும், முன்பு ஊசியே போட்டதில்லை என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது. விட்டுப்போகிறவர்கள் வயலில் வேலை செய்யும் பெரியவர்கள், திட்டம் ஊருக்கு வருமுன் பிறந்தவர்கள், லாயத்திலும் தொழுவத்திலும் வெறுங்காலோடு நிற்பவர்கள். கடைசியாக எப்போது போட்டோம் என்பது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நினைவில்லை என்றால், ஆணி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்த் தவணையைத் தொடங்கிவிடுங்கள்.